பள்ளிக்கூட வாசலும் நம்ம வண்டியும்



இந்தப் பாடம் வட்டிக் கணக்கோ வங்கிக் கடனோ இல்லை. நம்ம பிள்ளைகள் படிக்கிற தொடக்கப் பள்ளியின் வாசலைப் பற்றியது. குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். நடுவில் நிறுத்தி உங்கள் ஊர்க் கதையைப் பேசிவிட்டுத் தொடர்ந்தாலும் சரிதான்.

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு ஊரில், ஜூன் மாதம் பள்ளி திறந்து சில நாட்களே ஆன ஒரு காலை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பேரனை ஆச்சி சானல் கரை ரோடு வழியாகக் கூட்டி வந்தார். வாசலுக்கு எதிரே வந்ததும் கூட்டாளியைக் கண்ட பையன், ஆச்சியின் கையை உதறிவிட்டு ஓடினான். ஒரு ஸ்கூட்டி தட்டியது. கால் எலும்பு முறிந்தது. ஓட்டி வந்தவர் வெளியூர்க்காரர் இல்லை. தன் மகளை அதே பள்ளியில் விட வந்த நம் உறுப்பினர்தான். ஆச்சியின் மருமகளும் அவரும் ஒரே குழு. பல வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்புக் கட்டியவர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பேருமே வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஊக்குநர் வீடு தேடிப் போய் அழைத்து வந்தார். "நான் வேகமாட்டு வரல்ல மைனி, பிள்ள திடீர்னு சாடிட்டான்" என்று ஒருவர் அழுதார். "சின்னப் பிள்ள சாடத்தான் செய்யும். வண்டில வாறவங்கதான் பாத்து வரணும்" என்றார் மற்றவர். அன்றைக்குக் கடன் விஷயம் எதுவும் பேச முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது, இரண்டு பேச்சிலும் உண்மை இருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

பிள்ளை ஏன் சாடுகிறான்? ஸ்வீடன் நாட்டில் ஸ்டினா சாண்டல்ஸ் என்ற பெண் உளவியலாளர் 1960-களில் இதைத்தான் ஆராய்ந்தார். சின்னப் பிள்ளைகள் ரோட்டில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். தூரத்தில் வருகிற வண்டியின் வேகத்தை அவர்களால் சரியாகக் கணிக்க முடியாது. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதிலும் குழப்பம். கூட்டாளி, பந்து, நாய்க்குட்டி என்று ஒன்றில் மனசு போய்விட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும். உயரமும் குறைவு. நிறுத்தியிருக்கும் ஆட்டோவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைக்கு ரோடு தெரியாது, ஓட்டுகிறவருக்குப் பிள்ளை தெரியாது. சொல்லிக்கொடுத்து மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது, போக்குவரத்தைத்தான் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும் என்பது அவருடைய முடிவு. "எத்தனை தடவ சொல்லியும் கேக்கமாட்டேங்கான்" என்று முதுகில் ரெண்டு வைக்கிறோமே, அந்த அடி வீண்தான்.

அடுத்தது வேகம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிக்கவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். ஆக, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 14 மீட்டர் போய்விடும். இரண்டு வகுப்பறையின் நீளத்துக்கும் மேலே. 30 கிலோமீட்டரில் வந்த வண்டி அதே இடத்தில், காய்ந்த ரோடாக இருந்தால், அநேகமாக நின்றே போயிருக்கும். மழை ரோட்டில் இரண்டுக்குமே தூரம் கூடும். பள்ளியும் வீடுகளும் நெருங்கிய இடங்களில் 30-க்கு மேல் போகக்கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு சொன்னதற்கு இதுதான் காரணம். நம் நாட்டில் 2022-ல் மட்டும் நடந்து போகிறவர்களில் 32,825 பேர் வண்டி மோதி இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு.

நம் மாவட்டத்துக்கென்று சில கஷ்டங்களும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல் நெருக்கி வாழ்கிறோம். ஒரு ஊர் முடியும் இடம் தெரியாமலே அடுத்த ஊர் வந்துவிடும். சானல் கரை ரோடுகளில் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர். பிள்ளை ஒதுங்க ஒரு அடி மண் கிடையாது. வருஷத்தில் இரண்டு மழைக்காலம். குடைக்குள் இருக்கிற பிள்ளைக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. பாறைப்பொடியும் கல்லும் ஏற்றிக் கேரளத்துக்குப் போகிற பெரிய லாரிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஊர் ஊராக மக்கள் மறித்த பிறகுதான் காலை மாலை நேரக் கட்டுப்பாடே வந்தது.

இன்னொன்றை நம் காலை உணவுச் சகோதரிகள்தான் முதலில் கவனித்தார்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைக்கிறவர்கள் நம் குழுப் பெண்கள். சாப்பாடு உண்டு என்பதால் பிள்ளைகள் வெள்ளனே, எட்டு எட்டே காலுக்கெல்லாம் வருகிறார்கள். அந்த நேரத்தில் வாசலில் பெரியவர்கள் யாரும் இருப்பதில்லை. உள்ளே ஒருத்தி உப்புமா கிண்டுகிறாள், ஒருத்தி தட்டுக் கழுவுகிறாள். வாசலை யார் பார்ப்பது? திட்டம் நல்ல திட்டம். அதன் கூடவே வந்த இந்த அரைமணி நேரத்தைத்தான் நாம் யாரும் யோசிக்கவில்லை.

குழுவில் என்ன செய்தோம் என்று சொல்கிறோம். ஒரு வாரம், நாளுக்கு இரண்டு பேர், காலையும் மாலையும் வாசலில் நோட்டும் பேனாவுமாக நின்றோம். என்ன வண்டி, எங்கே நிற்கிறது, பிள்ளை எந்த இடத்தில் ரோட்டைக் கடக்கிறது, எந்த நேரத்தில் கூட்டம் என்று எழுதினோம். லாரிக்காரனையும் பஸ்காரனையும் பிடித்துவிடலாம் என்றுதான் போனோம். நோட்டைப் புரட்டினால் வெட்கமாகப் போயிற்று. வாசலை அடைத்து நின்றதில் அதிகம் நம் ஸ்கூட்டிகளும் நாம் பேசிவைத்த ஆட்டோக்களும்தான். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளை, பையெல்லாம் காலுக்கிடையில். வாசலிலேயே வண்டியைத் திருப்புவது, எதிர்ப்பக்கம் நிறுத்தி "ஓடு மக்கா, ஓடு" என்று விரட்டுவது. அன்று கால் முறிந்த பையன் ஓடியதும் அப்படி நின்ற ஒரு ஆட்டோவின் மறைவிலிருந்துதான்.

அதனால் முதல் தீர்மானத்தை நம்மைக் கட்டுப்படுத்தவே எழுதினோம். வண்டியில் வருகிறவர்கள் கலுங்குப் பக்கத்திலேயே நிறுத்தி, பிள்ளையை இறக்கி, பள்ளி இருக்கிற பக்கமாகவே நடத்திக் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோ அண்ணன்களிடமும் பேசினோம். ஒருவர் முறைத்தார், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். நடந்து வருகிற பிள்ளைகளைத் தெருவுக்கு ஒரு பெண் சேர்த்து வரிசையாகக் கூட்டி வருகிறார். இது நாம் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஜப்பானில் பெரிய பிள்ளை முன்னால் நடக்க, சின்னதுகள் மஞ்சள் தொப்பியோடு பின்னால் வரிசையாகப் போகும். இங்கிலாந்தில் கையில் வட்டப் பலகை பிடித்து வண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளைக் கடத்திவிடும் பெண்களுக்கு 1953-லேயே சட்டம் போட்டு அதிகாரம் கொடுத்தார்கள். நமக்கு அந்த அதிகாரம் இல்லை, வண்டியை மறிக்கவும் கூடாது. வாசலில் நின்று பிள்ளையைப் பிடித்து நிறுத்த யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

வீட்டிலும் கவனிக்க வேண்டியது உண்டு. 18 வயது ஆகாத மகன் தம்பியை வண்டியில் பள்ளிக்குக் கொண்டுவிடுவதைப் பெருமையாகச் சொல்கிறோம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அவன் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உடமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும் உண்டு. 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

இனி மனு. வேகத்தடை வேண்டும் என்று எழுதும் முன் அந்த ரோடு யாருடையது என்று தெரிய வேண்டும். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாவிட்டால் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போடுவதில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் போகும் ரோடு (முன்பு 47-ஆம் எண், இப்போது 66) அப்படிப்பட்டது. அங்கே எச்சரிக்கைப் பலகையும், குறுக்கே தடித்த கோடுகளும், கடக்கும் இடத்துக்கு வெள்ளைப் பட்டையும் கேட்கலாம். மற்ற ரோடுகளில் வேகத்தடைக்கு அளவு உண்டு. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், சுமார் 40 மீட்டர் முன்னால் பலகை, மேலே கறுப்பு வெள்ளைப் பூச்சு. ஊர் இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்டில் மேடு கட்டுவதை ஆதரிக்காதீர்கள். இருட்டில் அதில் ஏறி விழுவது பிள்ளையோடு வருகிற இன்னொரு தாயாக இருக்கலாம்.

மனுவைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடு கொடுத்தால் கனம் அதிகம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் உறுப்பினர் பலர் அதில் பெயருக்கு இருக்கிறோம். பிறகு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் வந்தபோது, "இனி யாருட்ட சொல்ல?" என்று சிலர் கேட்டார்கள். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. அதற்கு மேல் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் கலெக்டரே என்பதால் மனுவில் அந்தக் குழுவின் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ரசீது வாங்க மறக்கவேண்டாம்.

விபத்து நடந்துவிட்டால் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். தூக்கிக்கொண்டு போகிறவரைச் சாட்சிக்கு வா என்று கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை.

அந்த ஊரில் பலகையும் வெள்ளைக் கோடும் வந்துவிட்டன. வேகத்தடை இன்னும் வரவில்லை, ரசீது மட்டும் கோப்பில் இருக்கிறது. பையன் நடக்கிறான், ஓடவும் செய்கிறான். அந்த இரண்டு பேரும் முன்பு மாதிரிப் பேசிக்கொள்வதில்லை. காலையில் வாசலில் நிற்பவர்களின் முறைப் பட்டியலில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, வேறு வேறு கிழமையில்.

நாங்கள் கொடுத்த மனுவின் நகலும், நோட்டில் கோடு போட்ட மாதிரித் தாளும் கூட்டமைப்பு அலுவலகத்தில் உள்ளன. வேண்டிய குழுக்கள் தீர்மானப் புத்தகத்தோடு வந்து வாங்கிக்கொள்ளலாம்.