'றன்' என்னும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'றன்' என்பது எளிய சொல். 'ஓடு' என்பதே மாணவர் முதலிற் கற்கும் பொருள். ஆயினும், ஒக்ஸ்போர்ட் அகராதியார் 2011ஆம் ஆண்டளவில் அவ்வினைக்கு 645 பொருள்கள் கண்டனர். ஆறு ஓடுகின்றது, மூக்கு ஒழுகுகின்றது, சாயம் கரைந்து பரவுகின்றது, இயந்திரம் இயங்குகின்றது, வணிகர் கடை நடத்துகின்றார், வேட்பாளர் தேர்தலிற் போட்டியிடுகின்றார். இவையனைத்திற்கும் ஆங்கிலேயர் வழங்குவது அவ்வொரு சொல்லே.

மொழிபெயர்ப்புப் பாடத்தில் ஒருமுறை மாணவனொருவன், 'தந்தையார் கடையை ஓடினார்' என எழுதினான். வகுப்பு நகைத்தது, அவன் பல நாள் வாய்திறந்திலன். பிழை அவனதன்று, ஒரு பொருளையே கற்பித்த எனது.

சொல்லைத் தனியே மனனஞ் செய்தல் போதாது. அதன் அயலில் நிற்குஞ் சொற்களை நோக்கியே பொருள் துணிதல் வேண்டும். தமிழில் 'ஓடு' என்பது வினையாயும், கூரை ஓடாயும், ஆமை ஓடாயும் வருதலை அறிந்த மாணவர்க்கு இஃது அரிதன்று.