ஆயுதச் சாலையில் ஊழியம்: ஹலாலும் அமானத்தும்



சென்ற மாதம் லுஹர் தொழுகைக்குப் பின் கோவில்பட்டி வாலிபர் ஒருவர் என் அருகில் வந்து அமர்ந்தார். அத்தா கரிசல் காட்டில் மானாவாரி உளுந்து விதைப்பவர். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைக்குத் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலைக்கு வழி திறந்திருக்கிறது.

"ஹஜ்ரத், நான் செய்யும் துப்பாக்கி யாரைச் சுடுமோ! அந்தச் சம்பளத்தை அம்மா கையில் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

முதலில் அந்த வேலையை அறிந்துகொள்வோம். நீலகிரி அருவங்காட்டில் வெடிமருந்துச் சாலை 1903-ல் ஏற்பட்டது. திருச்சித் தொழிற்சாலை 1966-ல் வந்தது. ஆவடியில் டாங்கிகள் செய்கிறார்கள். அரசு இலாகாவாக இருந்த இத்தகைய 41 தொழிற்சாலைகள், 2021 அக்டோபர் 1 முதல் 7 அரசுக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. வெளிநாடுகளுக்கு விற்பதும் இப்போது அவற்றின் நோக்கங்களில் ஒன்று. உள்ளே நடப்பதை வெளியே பேசக் கூடாது. ஒவ்வொரு பாகமும் அளந்து பார்க்கப்படும். அளவு பிசகினால் அது சிப்பாயின் கையிலேயே வெடிக்கக்கூடும்.

இனி மார்க்கத்தின் பார்வையில் மூன்று விஷயங்கள்.

ஒன்று: ஆயுதம் செய்யும் தொழில் தன்னளவில் ஹராம் அல்ல. இரும்பில் கடும் வலிமையும் மக்களுக்குப் பயன்களும் உண்டு என்று அல்ஹதீத் சூரா (57:25) உணர்த்துகிறது. தாவூது நபி (அலை) அவர்களுக்குப் போர்க் கவசம் செய்யும் கலையை அல்லாஹ் கற்பித்ததை அல்அன்பியா சூராவில் (21:80) காண்கிறோம்.

இரண்டு: அது யார் கைக்குப் போகிறது என்பது முக்கியம். பாவத்திற்கும் வரம்பு மீறலுக்கும் துணை போவதை அல்மாயிதா சூரா (5:2) தடுக்கிறது. குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வெறுத்தார்கள். நாட்டைக் காக்கும் படைக்காகச் செய்வது வேறு. அநியாயக்காரனுக்கென்று தெரிந்தே செய்து கொடுப்பது வேறு. விற்பனையை முடிவு செய்வது தொழிலாளி அல்ல. ஆகவே வெறும் சந்தேகத்தைக் கொண்டு அவர் சம்பளத்தை ஹராம் என்று சொல்ல முடியாது. ஆனால், தம் கையிலுள்ள பொருள் அநியாயத்திற்கே போகிறது என்று உறுதியாகத் தெரிந்தால், அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும்.

மூன்று: அமானத். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அவ்வாறிருக்க, குறையுள்ள பாகத்தைச் சரி என்று ஒப்பமிடுபவரின் நிலை என்ன? அம்புடன் கடைவீதி வழியே செல்பவர் பிறருக்குக் காயம் படாதபடி அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். தொழில் ரகசியம் காப்பது அமானத்; தவற்றை மேலதிகாரியிடம் மறைப்பது மோசடி.

மருந்தின் அருகே அஜாக்கிரதை என்ன செய்யும் என்பதைக் கோவில்பட்டியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாலிபரிடம் சொன்னேன்: "தம்பி, போய் வாருங்கள். அம்மாவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இன்று கேட்ட கேள்வியை மட்டும் கேட் வாசலில் விட்டுவிடாதீர்கள். கடைசி நாள் வரை அது உங்களோடு இருக்கட்டும்."

ஹலாலான ரிஜ்கையும், அதைத் தேடும் கைகளுக்கு அமானத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.