வெள்ளத்தின் பின் எவ்வேலை முதலில்?

வடகீழ்ப் பருவமழையால் வயல் வெள்ளத்தில் அமிழும்போது எல்லா வேலைகளும் ஒரே வேளையிற் கமக்காரரை நெருக்கும். வீட்டாரைப் பாதுகாப்பான இடத்திற் சேர்த்தபின், தாமதித்தால் மீட்க முடியாதவற்றையே முதலிற் கவனித்தல் வேண்டும்.

1. கால்நடைகளை மேட்டு நிலத்திற் கட்டி, தூய நீரும் உலர்ந்த வைக்கோலும் அளிக்குக.

2. வடிகால்களின் அடைப்பை நீக்குக. பயிர் மூழ்கிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அழிவு கூடும்.

3. நீர் வடியும் நேரத்தில், நனைந்த விதைநெல்லை மெல்லியதாகப் பரப்பி உலர்த்துக. குவித்து வைத்தால் சூடேறி முளைத்துவிடும். அடுத்த போகத்துக்கு விதையிராது. வெயிலில்லையேல் வீட்டினுட் பரப்பி அடிக்கடி கிளறுக. களஞ்சியத்தில் இடுமுன் ஈரம் 13 வீதத்துக்கு மேற்படலாகாது.

பசளையிடலும் வரம்பு திருத்தலும் பொறுக்கக்கூடியன. நீர் வடியுமுன் இடும் யூரியா வெள்ளத்தோடு போய்விடும்.

வேலைகளை வீட்டாரிடையே பங்கிட்டு, இரவில் இளைப்பாறுக. களைத்தவர் அவசரத்திற் செய்த வேலையை மறுநாளும் செய்ய நேரிடும்.