அயலவர் என்ற தகுதி

அன்புள்ள பிள்ளைக்கு,

போன ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது நீர் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கீழே உம்முடைய அம்மா காத்துக்கொண்டு நின்றா. ‘பிறகு சொல்லுறன்’ என்று அனுப்பிவிட்டேன். நாலு நாளாக அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை.

நீர் பயிற்சிக்குச் சேர்ந்த காணிச்சட்ட அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் புத்தி சொன்னாராம்: முதல் பத்து வருஷம் கோப்புகளைப் பார், பெயர் எடு, பங்குதாரராக வா, குடியிருப்போர் சங்கம், பொதுவேலை எல்லாம் அதற்குப் பிறகு. இது சரியா என்று கேட்டீர். சரியில்லை. பொதுவேலை என்பது வயிறு நிறைந்தபின் இலையில் மிஞ்சியதை எடுத்துக் கொடுப்பது என்ற எண்ணம் படித்தவர்களிடம்தான் அதிகம். எனக்கு அது பிடிப்பதில்லை. வேறு துறைச் சட்டத்தரணிகளைப் பற்றி நான் பேசவரவில்லை. காணியும் கட்டடமும் நகரத் திட்டமும் தொழிலாகக் கொண்டவருக்கு, ஊரோடு நிற்பது தொழிலின் உள்ளேயே இருக்கிற வேலை. அதைப் பலெர்மோவில் வாழும் உமக்கு இந்த நகரத்தை வைத்தே சொல்கிறேன்.

வியா லிபெர்தாவில் பியாஸ்ஸா கிறிஸ்பி இருக்கிறதல்லவா, அங்கே கார்கள் நிறுத்தும் ஒரு வெறுங்காணியை நீர் நூறு தரம் கடந்து போயிருப்பீர். அந்த இடத்தில் வில்லா தெலியெல்லா நின்றது. தியாத்ரோ மாஸிமோவைத் தகப்பனுக்குப் பிறகு கட்டிமுடித்த ஏர்னெஸ்தோ பாஸிலே வரைந்த மாளிகை அது. 1959 நவம்பர் 28, ஒரு சனிக்கிழமை. இடிப்பதற்கான அனுமதி அன்றுதான் கிடைத்தது. அன்றே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏன் அந்த அவசரம்? 1939ஆம் ஆண்டின் 1089ஆம் இலக்கச் சட்டம் கலைச்செல்வங்களைப் பாதுகாத்தது. ஆனால் ஆக்கியவர் உயிரோடு இருந்தாலும், ஆக்கி ஐம்பது வருஷம் ஆகாவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பாஸிலே 1932இலேயே காலமாகிவிட்டார். குறைந்தது ஐம்பது வருஷக் கணக்கு மட்டும்தான். அதுவும் நிறைவேறும் தறுவாயில் இருந்தது. சட்டத்தை நன்றாக வாசித்த ஒருவர் நாட்காட்டியையும் பார்த்திருக்கிறார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளும். ‘பலெர்மோவின் சூறை’ என்று சொல்லப்படுகிற அந்தக் காலத்தை, சட்டம் இல்லாத காலம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உம்முடைய கட்டுரையிலும் அப்படியே எழுதியிருந்தீர். தவறு. 1958 முதல் 1963 வரை சால்வோ லீமா நகரத் தலைவர். 1959இல் வீத்தோ சான்சிமீனோ பொது வேலைகளுக்குப் பொறுப்பாளராக வந்தார். அந்தச் சில வருஷங்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டட அனுமதிகள் வழங்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி, கட்டட வேலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, ஓய்வூதியம் வாங்கிச் சீவித்த ஒரு சில பேரின் பெயரில் போயிற்று. மாஃபியா பின்னால் நின்றது உண்மை. ஆனால் முன்னால் நின்றது விண்ணப்பம், முத்திரை, கையொப்பம். கொங்கா தோரோ என்று உலகம் புகழ்ந்த தோடை, எலுமிச்சைத் தோட்டங்களைக் கொங்கிறீட்டாக மாற்றியதில் துப்பாக்கியைவிடக் கடதாசிக்குப் பங்கு அதிகம். அந்தக் கடதாசிகளை யாரோ எழுதினார்கள், யாரோ சரிபார்த்தார்கள். அவர்களும் அலுவலகங்களில் படிப்படியாக உயர்ந்தவர்கள்தான்.

அப்போது எதிர்த்து வழக்குப் போட ஆளில்லையா? ஆளிருந்தாலும் வழி ஒடுங்கியது. பக்கத்துக் காணியில் எழும் கட்டடம் உமது சொந்த உரிமையை நேரே தொட்டால்தான் நீதிமன்றம் காதுகொடுக்கும். 1966 ஜூலை 19ஆம் திகதி இதே சிசிலியின் அக்ரிஜெந்தோவில் மலைச்சரிவு சரிந்தது. விதியை மீறி அடுக்கடுக்காகக் கட்டிய பகுதி அது. உயிர்கள் தப்பின, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். நாடே அதிர்ந்தபின், 1967 ஆகஸ்டில் 765ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கட்டட அனுமதியையும் வரைபடங்களையும் நகரசபையில் ‘எவரும்’ பார்வையிடலாம், விதிக்கு முரணானால் எதிர்த்து முறையிடலாம் என்று அது சொன்னது. இத்தாலியனில் கியூங்க்வே. அந்த ஒரு சொல்லுக்காகவே அந்தச் சட்டத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன்.

நீதிமன்றங்கள் அந்த ‘எவரும்’ என்பதை அப்படியே விடவில்லை. உரோமின் அரச ஆலோசனை மன்றம் 1970இல் அதைச் சுருக்கியது: எவரும் என்றால் எங்கோ இருக்கிற எவருமல்ல, அந்த இடத்தோடு நிலையான தொடர்புள்ளவர். இந்தத் தொடர்புக்கு இலத்தீனில் விச்சினித்தாஸ் என்று பெயர் வைத்தார்கள். நான் அதற்கு ‘அயல்’ என்று பொருள் சொல்வேன். காணி உறுதி கையில் இருக்கவேண்டுமென்றில்லை. அங்கே நிலையாக வசிப்பதும் போதும். வாடகை வீட்டில் இருக்கும் உம்முடைய அம்மாவும் அயலவர்தான்.

யாழ்ப்பாணத்தில் காணிச்சட்டம் படிப்பித்த காலத்திலிருந்தே அயல் என்ற சொல்லில் எனக்கு ஒரு பித்து. கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் ஒல்லாந்தருக்காகத் தொகுத்த தேசவழமையில், காணி விற்பவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்கவேண்டும்; ஒட்டிய காணிக்காரர் அந்தக் காணியை ஈடு பிடித்திருந்தால் அவருக்கும் அந்த முதலுரிமை உண்டு. 1947இல் வந்த சட்டம் அந்த உரிமையைக் கூட்டுப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் என்று ஒடுக்கியது. அயலவர் வெளியே போனார். வழக்குகள் குறைந்தன என்பார்கள். குறைந்திருக்கலாம். ஆனால் வேலிக்கு அப்பால் இருப்பவருக்கும் ஒரு சொல் இருக்கவேண்டும் என்று எங்கள் ஊர் வழமை அறிந்துவைத்திருந்ததை நாங்களே அழித்தோம். அந்தப் பாடத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இன்றும் வருகிறது.

சரி, பலெர்மோவுக்குத் திரும்புகிறேன். 2021 டிசம்பர் 9ஆம் திகதி, உரோமின் அதே அரச ஆலோசனை மன்றத்தின் முழு அமர்வு 22ஆம் இலக்கத் தீர்ப்பைச் சொன்னது. அயல் மட்டும் போதுமா என்ற கேள்வியை அதற்கு அனுப்பியதே பலெர்மோவில் இருக்கும் சிசிலி நிர்வாக நீதிச் சபை. அயலில் இருப்பது மட்டும் போதாது, அந்தக் கட்டடத்தால் உமக்கு என்ன கெடுதி என்பதும் தெரியவேண்டும் என்பது முடிவு. வெளிச்சம் மறைகிறதா, தெருவில் நெரிசல் கூடுகிறதா, கழிவுநீர் எங்கே போகும்?

இனி யோசித்துப் பாரும். அந்தக் கெடுதியை அலுவலக மேசையிலிருந்து எப்படி எழுதுவீர்? பல்லாரோச் சந்தைப் பகுதியில் எந்தச் சந்தில் மழைவெள்ளம் நிற்கும், எந்த முற்றத்தில் நாலு குடும்பம் உடுப்புக் காயப்போடும் என்பதெல்லாம் அங்கே கூட்டத்தில் உட்கார்ந்த ஆளுக்குத் தெரியும். உம்முடைய மூத்தவர் ஒதுக்கச் சொன்ன குடியிருப்போர் குழுவில்தான் அடுத்த பத்து வருஷத்துக்கான உமது வழக்குகளின் உயிர் இருக்கிறது. இன்னொன்று: இங்கே நிர்வாக வழக்கின் முதல் நீதிமன்றமும் பலெர்மோவில், மேன்முறையீடும் 1948இல் உருவான அந்த நிர்வாக நீதிச் சபையில், இதே நகரத்தில். உரோமுக்குப் போவதில்லை. மேன்முறையீட்டில் வாதாடும் பட்டியலில் பெயர் ஏற, பரீட்சை எழுதினால் குறைந்தது ஐந்து வருஷம், உயர் பயிற்சிப் பாடநெறி வழியாக வந்தால் எட்டு. அத்தனை வருஷமும் அதே நீதிபதிகள், அதே நகரசபை உத்தியோகத்தர், அதே எதிர்த்தரப்பு. ஒருவர் எப்படிப்பட்டவர் என்பது சின்ன இடத்தில் சீக்கிரம் தெரிந்துவிடும்.

தொழிலில் உயர்வதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். பியர்சாந்தி மத்தரெல்லா பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிப்பித்தவர். அவர் சிசிலிப் பிராந்தியத்தின் தலைவராக இருந்தபோது, 1978 டிசம்பரில் 71ஆம் இலக்க நகரத் திட்டச் சட்டம் நிறைவேறியது. விவசாய நிலத்தில் எவ்வளவு கட்டலாம் என்ற அளவை அது இறுக்கிப் பிடித்தது. 1980 ஜனவரி 6ஆம் திகதி, வழிபாட்டுக்குப் புறப்பட்டவரைக் குடும்பத்தின் கண்முன்னே சுட்டுக்கொன்றார்கள். அதுவும் வியா லிபெர்தாவில்தான். அந்தச் சட்டத்தின் இடத்தை 2020இல் வேறொரு சட்டம் பிடித்துவிட்டது. ஆனால் நாற்பது வருஷம் இந்தத் தீவின் ஒவ்வொரு நகரத் திட்டமும் அதன்படிதான் எழுதப்பட்டது. தொழிலில் உயர்வது என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

இரண்டு எச்சரிக்கை. கட்சிக்காரர் பிடிக்கச் சங்கத்துக்குப் போகாதேயும். அப்படிப் போகிறவரைச் சனம் முதல் கூட்டத்திலேயே கண்டுகொள்ளும். ஒரு குழுவில் அயலவரோடு உட்கார்ந்துவிட்டு, அதே தெருவில் கட்டுகிறவரின் கோப்பையும் எடுக்காதேயும். அலுவலகம் வற்புறுத்தினால் மறுத்துவிடும். மறுத்தால் பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போகலாம். போகட்டும்.

பெரிய இடத்தில் தொடங்கவேண்டியதில்லை. மாஃபியாவிடமிருந்து பறிமுதலான காணிகளை 1996இன் 109ஆம் இலக்கச் சட்டம் தொடக்கிவைத்த வழியில் பொதுப்பயனுக்குக் கொடுக்கிறார்கள். கொர்லியோனேப் பக்கம் பிளாச்சிதோ ரிஸ்ஸொத்தோ பெயரில் 2001 முதல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அப்படிப்பட்ட நிலத்தில் விதைத்து அறுக்கிறது. இந்த மாதிரிக் காணிகளில் வங்கி ஈடு, பிரிபடாத பங்கு என்று சிக்கல் இருக்கும். உறுதி வாசிக்கத் தெரிந்த இளையவர் ஒருவர் மாதம் ஒரு நாள் கொடுத்தால் அவர்களுக்குப் பெரிய உதவி. அது தூரம் என்றால், முதலாம் வட்டாரக் கூட்டத்துக்குப் போம். பல்லாரோவில் இத்தனை வருஷமாக எங்கள் சனம் இருக்கிறது. நகரசபையின் அறிவித்தலை ஒருவரும் வாசிப்பதில்லை. புதிய திட்டத்தின் வரைவு வெளியானால் அதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, நாங்கள் வகுப்பு வைக்கும் மண்டபத்துக் கதவில் ஒட்டும். ஆட்சேபம் எழுதக் கடைசித் திகதி எது என்பதையும் பெரிய எழுத்தில் போடும்.

வருகிற சனிக்கிழமை பத்து மணிக்குப் பியாஸ்ஸா கிறிஸ்பிக்கு வாரும். 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதி ஒன்றையும் கொண்டுவாரும். அந்தக் காணியைக் காட்டுகிறேன். இடித்து அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அங்கே ஒரு வீடும் எழவில்லை.

அன்புடன்,
உமது மாஸ்ரர்