டோர் ரப்பரை மாற்றுவதற்கு முன்

அரியாங்குப்பத்தில் ஆறும் கடலும் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம். ஃபிரிட்ஜ் கதவில் நூலளவு சந்து இருந்தால் போதும், அந்த ஈரம் உள்ளே போய் ஃப்ரீசரில் பனியாகப் படிந்துவிடும். எங்கள் வீட்டில் வீராம்பட்டினத்து மீன் டப்பாவோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியது. டோர் ரப்பர் போய்விட்டது, மாற்றிவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மாற்றாமலே சரியாயிற்று.

முதலில் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடித்து வந்தால் அந்த இடம் நன்றாக இருக்கிறது. வழுக்கி வந்தால் அங்கேதான் காற்று போகிறது. நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கீல் பக்கம், கீழ் மூலையில் நோட்டு நிற்கவே இல்லை.

அங்கே ரப்பரின் மடிப்பை விரலால் விரித்தால் காய்ந்த இட்லி மாவும் கறுப்புப் பூஞ்சணமும். கதவை இழுத்துப் பிடிப்பது ரப்பருக்குள் ஓடும் காந்தப் பட்டைதான். முன்பு கொக்கி மாட்டும் கதவுகள் இருந்தன. ஒளிந்து விளையாடிய குழந்தைகள் உள்ளே மாட்டி இறந்துபோனதால், உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956இல் சட்டமே வந்தது. ஆகவே காந்தத்தின் பிடிப்பு குழந்தை தள்ளினால் திறந்துகொள்ளும் அளவுக்குத்தான் இருக்கும். துளி மாவு காய்ந்திருந்தாலும் ஒட்டாது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் கொண்டு மடிப்பு மடிப்பாகத் தேய்த்துத் துடைத்தேன். நசுங்கிய மூலைக்கு ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டி, இளகியதும் விரலால் வெளியே இழுத்துவிட்டுக் கதவை மூடி ஆறவிட்டேன்.

பாதி வேலை ரப்பரில் இல்லை. கதவுத் தட்டில் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக அடுக்கினால் கதவு தொங்கிவிடும். அவற்றை உள்ளே மாற்றுங்கள், கீல் திருகை இறுக்குங்கள். உப்புக் காற்றில் அது துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. முன்கால்களைத் திருகிச் சற்று உயர்த்தினால் கதவு தானாகவே வந்து சாத்திக்கொள்ளும்.

ரப்பர் கிழிந்திருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். அளவு மட்டும் சொன்னால் பொருந்தாது. உள்ளே ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். புது ரப்பரைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு மடிப்பு நீக்கிவிட்டு மாட்டுங்கள். இப்போதைய மாடல்கள் பலவற்றில் கதவின் பள்ளத்தில் அழுத்தினாலே உட்கார்ந்துகொள்ளும்.