ஐவர் அணியில் யார் சொல்லைக் கேட்பது?

நமது காஹாங்கில், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் பிள்ளைகள் கைப்பேசியில் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ ஆடுவதைக் காண்கிறோம். 2024ஆம் ஆண்டு ரியாத்தில் நடந்த சர்வதேசப் போட்டியில் நம் நாட்டுச் சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் அணியினர் வாகை சூடிய ஆட்டம் இதுவே.

பக்கத்துக்கு ஐவர். எப்போது தாக்குவது, எப்போது பின்வாங்குவது என்பதை ஒருவர் சொல்ல, நால்வர் கேட்கவேண்டும். ஐவரும் சொல்லத் தொடங்கினால் தோல்விதான். முதலாளி மகன் அங்கே கடைப்பையன் சொல்லுக்குக் கட்டுப்பட நேரிடும், அதில் இழிவொன்றுமில்லை. ஆணை ஆட்டத்தோடு முடிகிறது, மரியாதை முடிவதில்லை. பிழை செய்தவனை நடுவிலே ஏசலாகாது. பிறகு தனியே சொல்லலாம். (வாடிக்கையாளர் முன்னிலையில் கணக்கப்பிள்ளையை நாம் கடிந்துகொள்வதுண்டா?)

பாதியில் விலகுவதே பெருங்குறை. ஐவரை நால்வர் எதிர்க்க நேரும். விலகுபவரின் நாணயப் புள்ளியை அவ்விளையாட்டே குறைத்துவிடுகிறது. மிகவும் குறைந்தால் தரவரிசை ஆட்டங்களில் இடமில்லை. நாணயம் குறைந்தவருக்குச் சரக்குக் கிடைக்காதென்பதை வியாபாரிகள் அறிவோம். ஆகவே மஃரிபு பாங்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் “ஒரேயோர் ஆட்டம்” என்று அழைப்பவரிடம், “தொழுதுவிட்டு வருகிறேன்” என்று தொடங்குமுன்பே சொல்லிவிடவேண்டும்.