கையுறையைக் கழற்று, தாயி

அன்புள்ள தாயிக்கு,

போன வாரம் திருநகரில் நம்ம முதியோர் இல்லத்துக்கு வந்தபோது உன் நைட் ரிப்போர்ட் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். வேலையை விட்டும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. நாலாம் கட்டிலுக்கு நீ எழுதியது இது: "இரவு 2 மணி. நைட்டியைக் கிள்ளி, சுற்றி, இழுத்துக்கொண்டே இருக்கிறார். ஏதேதோ உளறுகிறார். துணி கிழியும் என்பதால் இரண்டு கையிலும் கையுறை மாட்டிக் கட்டிவிட்டேன். தூக்க மாத்திரை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கவும்."

புரட்டிப் படுக்க வைப்பது, புண் வராமல் பார்ப்பது, புரையேறாமல் ஊட்டுவது எல்லாம் உனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதி இரண்டு பேர் நேரத்தையும் கெடுக்க மாட்டேன். இந்த நாலு வரிதான் அன்றிலிருந்து என்னை அரிக்கிறது.

கிள்ளி, சுற்றி, இழுத்து என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். மதுரைப் பிள்ளை நீ. சுங்குடி கட்டுவதைப் பார்த்ததே இல்லையா? இடது கை நகத்தால் துணியில் ஒரு பொட்டளவு தூக்கிப் பிடித்து, வலது கையால் நூலைச் சுற்றி, ஒரு இழுப்பு இழுத்து இறுக்குவது. ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயம் தோய்த்து முடிச்சை அவிழ்த்தால் அங்கங்கே புள்ளி நிற்கும். 2005ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தச் சேலை. இன்றைக்குக் கடையில் தொங்குவதில் பாதிக்கு மேல் அச்சடித்தது என்பது வேறு வயிற்றெரிச்சல்.

நாலாம் கட்டிலின் அட்மிஷன் ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். வீடு மஹால் பக்கம், தாய்மொழி சௌராஷ்டிரா, சுங்குடிக்காரர்களின் மொழி. மகளுக்கு போன் போட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அம்மா கூலிக்கு முடிச்சுக் கட்டியவர் என்றார். நேற்று சாப்பிட்டது மறந்துபோகும். நாற்பது வருஷம் கை செய்த வேலை அவ்வளவு சீக்கிரம் போகாது. மூளையில் அது தங்கும் இடமே வேறு. அந்தக் கைக்குத்தான் நீ உறை மாட்டினாய்.

உளறல் என்று எழுதினாயே, அதுவும் அப்படித்தான். மறதி நோயில் பல பேருக்குப் பின்னால் கற்ற மொழி முன்னால் கழன்றுகொள்ளும், தாய்ப்பால் மொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். நம்ம அடுப்படியில் காய் நறுக்கும் அக்கா சௌராஷ்டிராக்காரர். அவரைக் கட்டிலருகே கூட்டிப்போனேன். "நூல் தீர்ந்துபோச்சாம், முதலாளி திட்டுவாராம்" என்றார். நூல் கேட்ட மனுஷிக்குத் தூக்க மாத்திரையா? மறதி நோய்க்காரர்களை அடக்கக் கொடுக்கும் சில மாத்திரைகள் உயிருக்கே ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2005லேயே எச்சரித்திருக்கிறது. டாக்டர் எழுதினால் கொடுக்க வேண்டியதுதான். எழுதச் சொல்லி நாம் கேட்பானேன்?

கட்டிப்போடும் சங்கதிக்கு வருகிறேன். மனநல நிலையங்களில் ஒருவரைக் கட்டிவைக்க வேண்டுமென்றால் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும் என்கிறது 2017ஆம் வருஷச் சட்டம். நம்ம இல்லம் அந்தக் கணக்கில் வருமா வராதா என்று வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். பஞ்சு உறையானாலும் கையில் கட்டினால் அது கட்டுதான்.

இன்னொன்று. நீ சலித்துக்கொள்வாய், பரவாயில்லை. பகலெல்லாம் சும்மா இருந்தவர் திடீரென்று ராத்திரியில் படுத்தினால், முதலில் மூத்திரத்தைப் பார். எத்தனை தடவை போனார், நாற்றம் உண்டா, போகும்போது முகம் சுளிக்கிறாரா. வயசானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் நீர்த்தாரையில் கிருமி சேரும். புத்தி குழம்புவதுதான் முதல் அடையாளமாகத் தெரியும். அடுத்தது மலம். மூன்று நாள் போகாத வயிற்றோடு யாரால் தூங்க முடியும்? அப்புறம் தண்ணீர். பங்குனி சித்திரையில் மதுரை வெயிலுக்கு நமக்கே தலை சுற்றும். இந்த மூன்றையும் எழுதாத ரிப்போர்ட்டை நான் ரிப்போர்ட் என்று ஒத்துக்கொள்வதே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் எனக்கு "மூத்திர அக்கா" என்று பேர் இருந்தது தெரியும்.

நாங்கள் வேலைக்கு வந்தபோது மறதி நோய்க்கு ஒரு பேர் சொல்ல ஆளில்லை. "பெருசுக்குக் கழன்றுபோச்சு" என்பார்கள், கதவைச் சாத்துவார்கள். சென்னை பெரியாஸ்பத்திரியில் 1978ல் டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். கேரளத்தில் 1992ல் அல்சைமர் சங்கம் வந்தது. அந்தச் சேதியெல்லாம் எங்கள் காதுக்கு எட்ட வெகுநாள் ஆனது. இன்று நாட்டில் அறுபது தாண்டியவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்கிறார்கள். அவ்வளவு பேரையும் ராத்திரியில் பார்த்துக்கொள்வது நர்ஸ் படிப்பு படித்தவர்களா? உன்னை மாதிரி ஆறு மாசப் பயிற்சிப் பிள்ளைகளும் வீட்டு மருமகள்களும்தான்.

திட்டுவதற்கு மட்டும் எழுதவில்லை. அதே நோட்டில், அதே ராத்திரியில், ஏழாம் கட்டிலுக்கு எழுதியிருந்தாய்: "காலை 5 மணி. ஐயா எழுந்து சட்டை போட்டுக்கொண்டு, சங்கு ஊதிருச்சு என்று டிபன் டப்பா கேட்டார். காலி டப்பாவைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷத்தில் அவராகவே படுத்துவிட்டார்."

அடி என் ராசாத்தி! இதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது? பக்கத்தில் ஹார்விபட்டியே மில்காரர்களுக்குக் கட்டிய குடியிருப்பு. ஹார்வி மில் சங்குக்குத்தான் இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் அடுப்பே பற்றவைத்தார்கள். அவரிடம் போய், மில்லை விட்டு இருபது வருஷமாச்சு தாத்தா, படுங்க என்று மல்லுக்கு நிற்காமல், ஒரு டப்பாவை நீட்டத் தோன்றியதே, பெரிய டாக்டருக்கும் அது தோன்றாது. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஏழாம் கட்டிலில் திறந்திருந்த கண் நாலாம் கட்டிலில் எங்கே போச்சு என்பதுதான் என் கோபமே.

நோட்டைப் படித்த மறுநாள் நாலாம் கட்டில்காரரின் கையுறையைக் கழற்றிவிட்டு, பழைய மல் துணியும் கொஞ்சம் நூலும் அவர் மடியில் வைத்தேன். சாயங்காலம் வரை கட்டினார். ஒரு முடிச்சும் நிற்கவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. நடுவில் என் முந்தானையை இழுத்துப் பார்த்து, அச்சடித்தது என்று கண்டுபிடித்து, உதட்டைப் பிதுக்கினார். நீயும் கொடு. நூலைச் சிறு துண்டாகக் கொடு, உன் கண் முன்னால் கொடு, வாயில் போடுவார். கத்தரிக்கோல் அந்தப் பக்கமே போகக்கூடாது. நூல் தீர்ந்தால் விளக்குத்தூண் பக்கம் வாங்கிக்கொள். பில்லை ஆபீசில் நீட்டாதே, ஆயிரம் கேள்வி கேட்பார்கள். என்னிடம் கொடு.

இப்படிக்கு,
மூத்திர அக்கா